வேலூரில் இருந்து கேரவனில் கடற்கரை ஊர்கள், கோட்டைகள்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடி_ஜங்ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்து நாலு குடும்பமாகச் சேர்ந்து ஒரு பயணம் போகலாம் என்று பேச்சு. லாட்ஜ் லாட்ஜாக மூட்டை தூக்கி அலுத்துவிட்டது, அதனால் இந்தத் தடவை கேரவன் வாடகைக்கு எடுக்கலாம் என்று என் தம்பி கிளப்பிவிட்டான். கேரவன் என்றதும் எங்கள் அம்மா, "அது சினிமாக்காரங்க மேக்கப் போடற வண்டியாச்சே" என்றார். அதே மாதிரி வண்டிதான், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று சொன்னதில் இருந்து எங்களைவிட அவர்தான் ஆர்வமாக இருக்கிறார். வழி இப்படி யோசித்திருக்கிறோம்: காஞ்சிபுரம், மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, அப்படியே ராமேஸ்வரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி. ஒரு வாரம், இரண்டு வண்டி. அந்தச் சின்ன ஊர்ச் சந்துகளில் வண்டி நுழையுமா, ராத்திரி எங்கே நிறுத்துவது, செலவு கட்டுப்படியாகுமா, என்ன தோன்றினாலும் சொல்லுங்கள்.

கோட்டை_அகழி:
தம்பி, முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். வேளாங்கண்ணியோடு, மிஞ்சிப்போனால் கோடியக்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி எங்கும் ஓடிப்போகாது. நாங்கள் போன மாசியில் இதே மாதிரி இரண்டு வண்டியில் போனோம். எங்கள் கூட்டத்திலும் ஒருத்தர் ராமேஸ்வரம், ராமேஸ்வரம் என்று ஒற்றைக் காலில் நின்றார், நல்லவேளை மற்றவர்கள் மசியவில்லை.

கேரவன் கார் மாதிரி ஓடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் டிரைவர் அறுபதுக்கு மேல் மிதிக்கவில்லை, மிதிக்கவும் கூடாது. ஒரு வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினால் அலமாரிக் கதவு தானாகத் திறந்து அரிசி டப்பா நடைபாதைக்கு வந்து உட்காரும். மேல் படுக்கையில் படுத்திருப்பவர் வண்டியின் கூரையை நெற்றியால் தொட்டுப் பார்ப்பார். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டு, வெயிலுக்கு முன் நிறுத்து, சமைத்துச் சாப்பிட்டுப் படு, நாலு மணிக்கு மேல் நடந்து போய் ஊரைப் பார். இப்படிப் போனால்தான் வண்டிக்குக் கொடுத்த காசு செரிக்கும். உங்கள் பட்டியல்படி போனால் ஒரு வாரமும் ஜன்னல் வழியாகப் பனைமரம்தான் பார்ப்பீர்கள்.

தூரம் பயப்படும்படி இல்லை. வேலூரில் இருந்து காஞ்சிபுரம் சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் இன்னொரு 65. மாமல்லபுரம் - புதுச்சேரி நூறுக்குக் கொஞ்சம் கம்மி, புதுச்சேரி - சிதம்பரம் 70க்குள், சிதம்பரம் - தரங்கம்பாடி 50 பக்கம். ஒவ்வொன்றும் ஒரு காலைநேர ஓட்டம், அவ்வளவுதான்.

சந்து விஷயம்: ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோகவே போகாதீர்கள். வெளியே ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு நடை, இல்லாவிட்டால் ஆட்டோ. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த வண்டியையும் விடமாட்டார்கள், வெள்ளை நகரத் தெருக்களில் இவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பவே முடியாது. அப்புறம் உயரம். கூரைமேல் ஏசிப் பெட்டி இருக்கும், அதையும் சேர்த்து எத்தனை அடி என்று கிளம்பும்போதே டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை வாயில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது.

வாலாஜா_ரோடு:
நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே நாலு குடும்பத்துக்கு ஒரு டெம்போ டிராவலர் போதும். ராத்திரி நல்ல லாட்ஜில் காலை நீட்டிப் படுக்கலாம், வெந்நீர் வரும், காலையில் இட்லி கிடைக்கும். கேரவன்காரன் நாள் வாடகை தனி, கிலோமீட்டர் கணக்கு தனி, டிரைவர் பேட்டா தனி, ஜெனரேட்டர் டீசல் தனி என்று ஒவ்வொன்றாக நீட்டுவான். கடைசியில் நாலு ரூம் போட்ட செலவைவிட அதிகம் வரும். இதில் சமையலும் நாமே, பாத்திரம் கழுவுவதும் நாமே. லீவு யாருக்கு?

சத்துவாச்சாரி_அக்கா:
வாலாஜா தம்பி, லீவு யாருக்கு என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. எங்கள் பயணத்தில் கிளம்புவதற்கு முன்பே பேசிவிட்டோம்: சமையல் பெண்கள் என்றால் பாத்திரமும் தண்ணீரும் ஆண்கள். எழுதி வண்டிக் கதவில் ஒட்டினோம். பத்துப் பேர் சாப்பிட்ட தட்டை அந்தச் சின்னத் தொட்டியில் கழுவிப் பார்த்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் தானாகவே பாக்குமட்டைத் தட்டு வாங்கி வந்தார்.

ஆனால் செலவை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். முட்டிவலி உள்ள மாமியாரோடு டெம்போ டிராவலரில் போயிருக்கிறீர்களா? முக்கால் மணிக்கு ஒரு தரம் பெட்ரோல் பங்க் தேட வேண்டும், அங்கே கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி மேனேஜரிடம் இருக்கும், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். இதற்குப் பயந்தே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயணம் கிளம்பினால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கேரவனில் எங்கள் மாமியார் வழியெல்லாம் மோர் குடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அது ஒன்றே போதும்.

தண்ணீர்தான் பெரிய பாடு. எங்கள் வண்டியில் இருந்த தொட்டி ஐந்து பேருக்கு ஒரு நாள் வந்தது, அதுவும் குளியலைச் சுருக்கினால். ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடினால் மதியத்துக்குள் காலி. குளியலுக்கு பிளாஸ்டிக் பக்கெட், சொம்பு. குடிக்க இருபது லிட்டர் கேன் தனியாக. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, அதைத் தொட்டியில் ஏற்றினால் சோறும் உப்பு, தலைமுடியும் கயிறு. நிறுத்தும் இடத்தில் தண்ணீரைக் கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் குழாயை மாட்டுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
அக்கா, கேட்கச் சங்கடமாக இருந்தது, நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது?

சத்துவாச்சாரி_அக்கா:
இதில் என்ன சங்கடம், எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே. இதை முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே கேட்க வேண்டும். எங்களுக்கு வண்டி கொடுத்த ஆள், "அதெல்லாம் டிரைவர் பார்த்துக்குவார் மேடம்" என்றார். டிரைவர் பார்த்துக்கொண்ட லட்சணம், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கழிமுகத்து ஓரமாக வண்டியை ஒதுக்கிவிட்டு, "இங்க திறந்துவிட்டா அலை எடுத்துட்டுப் போயிடும்" என்றார். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் நாத்தனார் இறங்கிப் போய் வால்வுக்கு முன்னால் நின்றுகொண்டார், "திறங்க பாக்கலாம்" என்று. அப்புறம் புதுச்சேரி போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் பேசி, காசு கொடுத்து, அவர்கள் செப்டிக் டேங்கில் விட்டோம். வாடகை ஆளுக்கு போன் போட்டால் எடுக்கவே இல்லை.

நம் பக்கம் இதற்கென்று தனி இடம் கிடைப்பது அபூர்வம். தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசும்போது மூன்றும் கேளுங்கள்: வண்டி நிற்க சமதரை, பதினைந்து ஆம்பியர் பிளக், செப்டிக் டேங்க் மூடி திறந்து தருவார்களா. மூன்றாவதைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். வைக்காதவரிடம் தங்குங்கள்.

குடியாத்தம்_பஸ்:
நான் வண்டி ஓட்டும் தொழில். பேப்பர் விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வெள்ளை நம்பர் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். டிரைவரோடு வருவது மஞ்சள் போர்டு. நீங்களே ஓட்டுவதென்றால் கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. லைசென்ஸ் விஷயத்தில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது, மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை சாதாரண எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி பேட்ஜ் வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் எடையைப் பாருங்கள். பெரிய பஸ் சேசிஸ்மேல் கட்டிய கேரவன் என்றால் அதைத் தாண்டிவிடும்.

இன்னொன்று, இந்த வழியில் நீங்கள் புதுச்சேரி எல்லைக்குள் இரண்டு தடவையாவது நுழைந்து வெளியே வருவீர்கள். காலாப்பட்டில் ஒன்று, தரங்கம்பாடி தாண்டி காரைக்காலில் இன்னொன்று. பெர்மிட் இரண்டுக்கும் செல்லுமா என்று வண்டிக்காரரிடம் கேட்டு, நகலை போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது செக்போஸ்ட்டில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள், எதற்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேரவன் என்றால் அவர்களுக்குச் சந்தேகம் கூட.

பாலாறு_மணல்:
எல்லாரும் தண்ணீர், டீசல், கழிவு என்றே பேசுகிறீர்கள். போகிற இடத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன். நான் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் வட ஆற்காட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போவதென்றால் குளிக்க, மீன் சாப்பிட, கோயில் கும்பிட. ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் கரையில் நிற்கும் பாதிக் கோட்டை நம் ஆற்காட்டுச் சண்டையின் மிச்சம். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் செத்தார். ஜெயித்தது நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாக பிரெஞ்சுப் படை. அந்த உதவிக்குக் கைமாறாக அடுத்த வருஷம் முசாபர் ஜங் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் தூக்கிக் கொடுத்ததுதான் கடப்பாக்கம் பக்கத்து ஆலம்பரைக் கோட்டை. ஆம்பூர் என்றால் பிரியாணி என்று மட்டும் தெரிந்தவர்கள் ஆலம்பரையின் உடைந்த சுவர்மேல் உட்கார்ந்து இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கடலூர் தேவனாம்பட்டினம். அங்கே செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தை இங்கிலீஷ்காரர்கள் 1690இல் மராட்டியரிடம் வாங்கினார்கள். பீரங்கியில் சுட்டுக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று பேச்சு, அதனால் சுற்றியிருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது கிளைவ் தப்பி ஓடிவந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அதே ஆள் 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்து ஐம்பது நாளுக்கு மேல் முற்றுகையில் உட்கார்ந்தார். ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறதே, தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே, அந்தக் கோட்டையில் பார்க்கும்படி மிஞ்சியது அதுதான்.

1760 ஜனவரியில் வந்தவாசியில் கூட் என்ற இங்கிலீஷ் தளபதியிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். அந்த வருஷமே ஆலம்பரை விழுந்து இடிக்கப்பட்டது, அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் போயிற்று. வந்தவாசியும் பழைய வட ஆற்காடுதான், 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலையோடு போனது. இருபது வருஷம் கழித்து அதே கூட் 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை மடக்கினார், செப்டம்பரில் நம் சோளிங்கரில் இன்னொரு சண்டை. கரையில் ஒரு கால், நம் ஊரில் ஒரு கால் வைத்து நடந்த சண்டை இது. அதனால் உங்கள் பயணத்துக்கு நான் சொல்லும் யோசனை, கிளம்பும் அன்றைக்கே நேராகக் காஞ்சிபுரம் ஓடாமல் ஆற்காட்டில் டெல்லி கேட் முன்னால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாலாஜா_ரோடு:
டீ நல்ல யோசனை. ஆனால் பசங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு ஜங், கூட், லாலி எல்லாம் சொன்னால் அவர்கள் போனில் மூழ்கிவிடுவார்கள் சார்.

பாலாறு_மணல்:
பசங்களுக்கு ஆண்டு சொல்லாதீர்கள், உடைந்த சுவரைக் காட்டுங்கள். கிளம்பும் வழியிலேயே ஒன்று இருக்கிறது, மகேந்திரவாடி, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். வயலும் ஏரியுமாக இருக்கும் இடத்தில் தனியாக ஒரு பெரிய பாறை, அதைக் குடைந்து மகேந்திரவர்மன் விஷ்ணுவுக்குக் கோயில் செய்திருக்கிறான். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில் என்று கல்வெட்டே சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்ட ராஜா. மாமல்லபுரம் ரதங்களுக்கு முந்தைய தலைமுறை வேலை இது. இதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஐந்து ரதத்தின் முன்னால் நின்றால், நம் ஊர்ப் பாறையில் தொடங்கிய கை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் பிடிபடும்.

கோட்டை_அகழி:
மகேந்திரவாடிக்குக் கிராமத்து ரோடு. இரண்டு கேரவனையும் காவேரிப்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையோரம் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். மற்றபடி மணல் சார் சொல்வது சரி.

ஆலம்பரை பற்றி நானும் சொல்ல வேண்டும். கடப்பாக்கத்தில் இருந்து கோட்டைக்குப் போகும் சாலை முடிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது வண்டி டிரைவர் போனில் வரைபடம் காட்டுகிறது என்று மேலும் நூறு அடி உள்ளே விட்டார். பின் சக்கரம் இரண்டும் அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம். சத்தம் கேட்டு மீன்பிடிக்கிற ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள், ஒரு பெரியவர் முதலில் டிரைவரை இறங்கச் சொன்னார், "நீ மிதிக்கிறதை நிறுத்து தம்பி, மண்ணு உன்னைவிட வயசானது." டயரில் பாதிக் காற்றை இறக்கினார்கள், கையாலேயே சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மணலை வாரினார்கள், காய்ந்த தென்னை மட்டையைக் குறுக்கே குறுக்கே அடுக்கி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்கச் சொன்னார்கள். முதல் தடவையே ஏறிவிட்டது. காசு வாங்கவில்லை. வண்டிக்குள்ளே எப்படி இருக்கும் பார்க்கலாமா என்று கேட்டார்கள், ஏறிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டைவிடப் பெரிசா இருக்கு" என்று சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிக்க வரவில்லை.

கோட்டை செங்கல்லும் சுண்ணாம்பும், சுவர்கள் சாய்ந்து விரிந்து கிடக்கின்றன, 2004 சுனாமியில் இன்னும் கொஞ்சம் போயிற்று. ஆனால் அந்த இடத்தில் ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல். டிக்கெட், கேட் எதுவும் இல்லாமல் சும்மா நடக்கலாம். மாமல்லபுரத்துக் கூட்டத்துக்குப் பிறகு அது பெரிய நிம்மதி.

அதற்கு முன்னால் கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர் கோட்டை. வேலூர் கோட்டை அகழியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் சின்னதாகத் தோன்றும். உள்ளே கல்லறைப் பகுதி பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேளுங்கள், திறந்து காட்டுவார். பெரிய பெரிய கல் பலகைகளில் எழுத்தைக் குடையாமல், சுற்றிலும் செதுக்கி எழுத்தை மேலே எழும்ப விட்டிருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கல்லும் இருக்கிறது. துணி வாங்க வந்து, இங்கேயே கண்ணை மூடியவர்கள்.

ஆம்பூர்_தம்:
ஆம்பூர் பெயரை இழுத்ததால் வந்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. கேரவன் அடுப்பில் தம் பிரியாணிக்கு ஆசைப்படாதீர்கள், இரண்டு பர்னர், காற்றுக்கு அணைந்து அணைந்து போகும், மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு நினைக்கவே கூடாது, மூச்சு முட்டிச் சாவோம். சீரக சம்பா அரிசி, வறுத்து அரைத்த மசாலா, கத்திரிக்காய்த் தொக்கு இவற்றை வீட்டில் இருந்து எடுத்துப் போங்கள், குக்கரில் ஒரு குஸ்காவாவது வரும். முதல் நாளுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு. ஆற்காட்டு இனிப்பு மக்கன்பேடா கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள், வழியில் உதவி செய்பவர்களுக்குக் கொடுக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. மீனைப் பொறுத்தவரை, காலையில் படகு வரும் இடத்தில் வாங்கி, வெளியே தார்ப்பாய் விரித்து அடுப்பு வைத்துப் பொரியுங்கள். வண்டிக்குள் பொரித்தால் ஊர் திரும்பும் வரை திரைச்சீலை நெத்திலி மணக்கும்.

பாலாறு_மணல்:
தம், இந்தக் கரையில் வழிச்சாப்பாட்டுக்கு ஒரு பழைய பட்டியலே இருக்கிறது, சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில். நல்லியக்கோடன் என்ற சிற்றரசனைப் பார்க்கப் போகும் பாணர்களுக்கு எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் (காட்டுப்பசு) இறைச்சியும், ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும் கிடைக்கும் என்று வழி சொல்கிறது. பாடிய புலவர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர், ஆலம்பரை இருப்பதும் அதே இடைக்கழிநாடுதான்.

ஆம்பூர்_தம்:
வேலூரா! அப்போதே நம் ஊரில் புளிச்சோறு போட்டிருக்கிறார்களா?

பாலாறு_மணல்:
அவசரப்படாதீர்கள், அது திண்டிவனம் பக்கத்து வேலூர். உங்கள் புளிச்சோற்றை நீங்களேதான் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன்:
படிக்கப் படிக்க அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தரங்கம்பாடி எப்படி, வேளாங்கண்ணியில் எத்தனை நாள் என்று கேட்கிறார். வீட்டில் ராமேஸ்வரத்தை வெட்டிவிட்டோம், தம்பி முகம் தொங்கிவிட்டது.

கோட்டை_அகழி:
தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி போடுங்கள், வேறு எங்கே குறைத்தாலும் சரி. எல்லா ஊரிலும் வண்டி இடைஞ்சல், அங்கே மட்டும் வண்டி சௌகரியம். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, 1792இல் கட்டிய நகர வாசலுக்குள் நடந்து நுழைந்தால் ராஜா வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கரையிலேயே நிற்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊர், அவர் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அடித்ததும் இங்கேதான், அவர் கட்டிய 1718ஆம் வருஷத்துப் புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் முந்தையது மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் பாண்டியன் காலத்தில் கட்டியது, கடல் அதன் முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரோடு கோட்டையையும் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

காலை ஐந்தரைக்கு எழுந்து கோட்டை பக்கம் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் சுற்றுலா பஸ் வர ஆரம்பிக்கும். பஸ்காரர்கள் கோட்டை முன்னால் முக்கால் மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு ஓடுவார்கள், நாம் அங்கேயே படுத்து எழுந்து பல் விளக்குகிறோம். கேரவனுக்கு என்ன லாபம் என்று வாலாஜா கேட்டாரே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

சத்துவாச்சாரி_அக்கா:
வேளாங்கண்ணியில் சனி ஞாயிறு மாட்டிக்கொள்ளாதீர்கள், வண்டி நிறுத்தவே அரை நாள் போகும். நாகூர் தர்காவுக்குச் சாயங்காலம் போங்கள். அம்மாவை உட்கார வைக்க மடக்கு நாற்காலி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா ஊரிலும் உதவும்.

வாலாஜா_ரோடு:
சரி, மனசு கொஞ்சம் மாறுகிறது. மழை? தை மாதம் பரவாயில்லையா?

குடியாத்தம்_பஸ்:
தை, மாசி நல்லது. ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரைக்கு வண்டி எடுக்கச் சொன்னால் நான் வரமாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் என்ன செய்தது என்று தெரியும், 2011இல் 'தானே' புயல் வந்து கடலூரைப் புரட்டியது டிசம்பர் கடைசி. கேரவன் உயரமான பெட்டி, பக்கவாட்டுக் காற்றுக்கு ஆடும். காணும் பொங்கல் அன்றைக்கு மட்டும் கடற்கரைச் சாலையில் கால் வைக்காதீர்கள், வண்டி நகராது. அது முடிந்து நாலு நாள் விட்டுக் கிளம்புங்கள்.

பாலாறு_மணல்:
அந்தச் சமயம் கோடியக்கரையில் பூநாரைகள் இருக்கும், வெளிமான் கூட்டம் எப்போதும் உண்டு. வேதாரண்யம் உப்பளங்களின் நடுவே போகும் சாலை அது, 1930 ஏப்ரலில் திருச்சியில் இருந்து ராஜாஜி நடத்திவந்த கூட்டம் உப்பு அள்ளிய ஊர். வழியில் நாகப்பட்டினத்தில் நின்றாலும் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ராஜராஜன் காலத்தில் கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு ராஜா கட்டிய புத்த விகாரத்தின் மிச்சம் என்று சொல்லப்பட்ட கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது, 1867இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். சிதம்பரம், விழுப்புரம், அங்கிருந்து செஞ்சி போகும் பாதையில் மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்மன் பெருமை அடித்துக்கொண்ட கல்வெட்டு அங்கேதான். அப்புறம் செஞ்சி, சேத்துப்பட்டு, ஆரணி, வேலூர்.

கோட்டை_அகழி:
செஞ்சிக் கோட்டை ஏற நினைத்தால் காலையில் ஏறுங்கள், அம்மா கீழே கல்யாண மகால் பக்கம் உட்காரட்டும்.

காட்பாடி_ஜங்ஷன்:
மிக்க நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம்: ஆற்காட்டில் டீ, மகேந்திரவாடி, மாமல்லபுரத்தில் ஒரு ராத்திரி, சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும் வழியில், புதுச்சேரி ஒரு ராத்திரி, சிதம்பரம் கோயில் பார்த்துவிட்டுத் தரங்கம்பாடி இரண்டு ராத்திரி, நாகூர் வேளாங்கண்ணி ஒன்று, கோடியக்கரை போய்விட்டுச் செஞ்சி வழியாக வீடு. கன்னியாகுமரிக்கு ரயிலில் போய்க்கொள்ளலாம் என்று தம்பியைச் சமாதானப்படுத்திவிட்டோம். வண்டிக்காரரிடம் செப்டிக் கேள்வியைக் கேட்டேன் அக்கா. "டிரைவர் பார்த்துக்குவார்" என்றார்.

சத்துவாச்சாரி_அக்கா:
வேறு வண்டிக்காரரைப் பாருங்கள் தம்பி.

வாலாஜா_ரோடு:
இரண்டு வண்டியில் நாலு குடும்பம் என்றீர்களே, ஒரு படுக்கை காலியாக இருந்தால் சொல்லுங்கள். பாத்திரம் கழுவுகிறேன்.